வர்சமே கொடுத்த கைலி

பெங்களூர் பீன்யாவில் எங்கள் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்திலிருந்து இறங்கி வரும் உருப்படிகளை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்து, முடி கனம் கூடக்குறைய இருந்தாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரம் தள்ளிவிடுவேன். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. செல்வராஜ் என்ற பெயரைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள், முதுகுக்குப் பின்னால் ரிஜெக்ட் ராஜு என்றுதான் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட நான்தான், என் உடம்பிலிருந்து எட்டு மாதம் ரத்தம் போனதை ஓ.கே. போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எங்கிருந்து ரத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சுற்றி வளைத்தால் இதை எழுதுவதற்கே அர்த்தம் இல்லை. மலத்தில்.

இப்போது நன்றாக இருக்கிறேன், மறுபடி வேலைக்கும் போகிறேன். கேண்டீனில் தட்டைக் கையில் பிடித்தபடியே யாராவது என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "அண்ணே, எனக்கும் கொஞ்ச நாளா…" என்று ஆரம்பித்துவிட்டுத் தரையைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில், கையில் புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றை வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தவன், அப்படியே சரிந்து விழுந்தேன். கண் முழித்தபோது கம்பெனி வேனில் படுத்திருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமந்து போகிற சத்து அது. அது குறைந்தால் படி ஏறினாலே நாய் மாதிரி இரைக்கும். எனக்கு இரைத்துக்கொண்டுதான் இருந்தது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு என் மகள் ஜெனி ஓடிவந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி கேபுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். என் மனைவி மேரி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து ஜோகுபாளையம் வீட்டில் நானும் ஜெனியும்தான். வயிற்று டாக்டர் எனக்கு முன்னால் உட்கார்ந்தார். மைசூர்க்காரர், ஆனாலும் நல்ல தமிழ். ஜெனி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மோஷன்ல பிளட் போகுதா?"

"கொஞ்சம் சார். பைல்ஸ் இருக்கும்."

"எத்தனை நாளா?"

தோளில் மகளின் கை இருந்தது. "ரெண்டு வாரமா," என்றேன்.

"வீட்ல வேற யாருக்காவது குடல்ல பிரச்சினை இருந்துச்சா?"

கோலார் தங்கவயலில் இருந்த என் அண்ணன் நாற்பத்தொன்பது வயதில் இதே மாதிரி போய்ச் சேர்ந்தார். அல்சர் என்றுதான் வீட்டில் சொன்னோம். டாக்டரிடமும், "இல்ல சார்," என்றேன்.

குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்ப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார். அதற்கு கொலனாஸ்கோபி என்று பெயர். குழாய் எந்த வழியாகப் போகும் என்பதையும் அவர் ஜெனியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்த இடத்திலேயே வேண்டாம் என்றேன். ரெண்டு வாரம்தானே, முதலில் ரத்தம் ஏற்றுவோம், பிறகு யோசிக்கலாம் என்று அவரும் விட்டுவிட்டார். சனிக்கிழமை டிஸ்சார்ஜ் என்று முடிவானது. ஜெயித்துவிட்ட நினைப்பில் நான் படுத்திருந்தேன்.

ரெண்டு கட்டில் போட்ட அறை, நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கக் கட்டிலில் இருந்தவர் மொகடிஷுவிலிருந்து வந்திருந்த சோமாலியர், பெயர் வர்சமே. ஆப்பிரிக்காவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் இந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதில்லை. அறுபது வயது இருக்கும். ஒல்லியாக, நெடுநெடு என்று இருந்தார். தாடி நுனியில் மருதாணிச் சிவப்பு. முதுகுவலி காலுக்கு இறங்கிவிட்டது என்று வந்திருந்தார்.

முதல் நாள் அவரை எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். முதுகு டாக்டருடன் ஒரு பெண் டாக்டரும் வந்து, "குட் மார்னிங்" சொல்லிக் கையை நீட்டினார். இவர் கையைக் கொடுக்காமல் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த அம்மா முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தார். பெரிய மனுஷனாட்டம் என்ன பந்தா என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி அங்கியையும் அவர் தனியாகப் போட மறுத்துவிட்டார். அதற்குக் கீழே கைலி கட்டிக்கொண்டால்தான் ஆச்சு என்று நின்றார். நம்ம ஊர்க் கைலியேதான், கட்டம் போட்டது. அவர்கள் ஊரில் மஅவீஸ் என்பார்களாம்.

அன்று மத்தியானம் எனக்குப் பாத்ரூம் போகவேண்டியிருந்தது. ரத்தம் ஏற்றும் கம்பியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு நடந்தேன். அந்த அங்கியைத் தைத்த மகராசன் முன்பக்கத்துக்கு மட்டும்தான் துணி கொடுத்திருந்தான். பின்னால் ரெண்டே ரெண்டு முடிச்சு, அதிலும் ஒன்று அவிழ்ந்துவிட்டது. ஒரு கையில் ஊசி, மறு கையில் கம்பி, மூடுவதற்குக் கை இல்லை. வர்சமே சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிய முகத்தைத் திருப்பாமலே தலையணைக்குக் கீழே கையை விட்டு, மடிப்புக் கலையாத ஒரு புதுக் கைலியை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் அதைச் சுற்றிக் கட்டி முடித்து, "ஆயிடுச்சு," என்று சொன்ன பிறகுதான் திரும்பினார்.

"ஷுக்ரியா பாய்," என்றேன், நன்றி சொல்கிற மாதிரி.

"கோயி பாத் நஹி," என்றார் அவர், பரவாயில்லை என்று.

இந்தி. துபாய்த் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் சரக்கு ஏற்றி இறக்கியவராம், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் நம்மவர்கள். என்னுடையது பீன்யாவில் பீகார்ப் பையன்களிடம் பொறுக்கிய இந்தி. ரெண்டு ஓட்டை இந்தியும் நன்றாகவே ஒட்டிக்கொண்டன. இனி எங்கள் பேச்சைத் தமிழிலேயே சொல்கிறேன்.

அவருக்குத் துணை அவர் மகள் ஹோதன். இருபத்தைந்து வயது இருக்கும், மொகடிஷுவில் பள்ளிக்கூட டீச்சர், ஆங்கிலம் தெரிந்தவள். அதனால்தான் கூட்டிவந்திருந்தார். அன்னிய ஆண் படுத்திருக்கும் அறையில் தங்கக் கூடாது என்று எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜில் ஒரு சோமாலியக் குடும்பத்தோடு தங்கியிருந்தாள். தலையிலிருந்து முழங்கால் வரை இறங்கும் சாம்பல் நிற அங்கி, முகம் மட்டும் தெரியும். காலையில் வந்ததும் கதவைத் தட்டுவாள். தட்டிவிட்டு உள்ளே வரமாட்டாள். "அதேர்," என்று குரல் கொடுத்துவிட்டு நிற்பாள். சித்தப்பா, பெரியப்பா மாதிரியானவர்களைக் கூப்பிடும் சொல்லாம் அது, என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டாள். நான் போர்வையைச் சரிசெய்துகொண்டு "வாம்மா" என்றதும்தான் காலை எடுத்து வைப்பாள். ஆஸ்பத்திரியில் கதவு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. சிஸ்டர், பிரதர், துடைக்கிற அம்மா, சாப்பாட்டு வண்டி, பில் கவுன்ட்டர்க்காரர், எல்லாரும் திறந்த வீட்டில் நுழைகிற மாதிரி நுழைவார்கள். நான் அங்கே இருந்த நாளெல்லாம் கதவைத் தட்டிவிட்டு வந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

ஜெனிக்கும் அவளுக்கும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. பெண்கள் காத்திருக்கும் ஹாலில் உட்கார்ந்து ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

"நம்ம முன்னாடிதான்பா அவ பூனை மாதிரி இருக்கா. அங்க லேடீஸ் மட்டும்தானே, மேல இருக்கிறத எடுத்துட்டா. உள்ள ஆரஞ்சு கலர்ல கவுன், கை முழுக்க மருதாணி. நர்ஸ் நடக்கிறத அப்படியே நடந்து காட்டினா, எனக்கு வயிறு வலிச்சுடுச்சு."

மூடிக்கொள்வது பற்றி ஜெனி அவளிடம் நேராகவே கேட்டுவிட்டாள். ஹோதன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் மொழியில் ஹிஷோத் என்று ஒரு சொல் இருக்கிறதாம். துணி அதில் ஒரு பங்குதானாம். பெரியவர் பேசும்போது குரலை உயர்த்தாமல் இருப்பது, தன் பெருமையைத் தானே பேசாமல் இருப்பது, மற்றவர் கூச்சப்படும்படி எதையும் கேட்காமல் இருப்பது, பார்க்கக் கூடாத நேரத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொள்வது, எல்லாம் அதில் அடக்கம். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அது இல்லாத ஆள் என்று ஒருத்தரைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் திட்டுவதற்கு ஒன்றும் இல்லையாம். ஜெனி இதையெல்லாம் சொன்னபோது, அந்த மனிதர் டாக்டரம்மாவுக்குக் கை கொடுக்காதது என் நினைவுக்கு வந்தது. அது அவர் கொடுத்த மரியாதை என்று அப்போதுதான் புரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நான் இன்ஸ்பெக்‌ஷன்காரன். படுக்கையில் கிடந்தாலும் கண் சும்மா இருக்காது. புதன்கிழமை ரவுண்ட்ஸில் ஒன்றைக் கவனித்தேன். முதுகு டாக்டர் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். யூரின் வருவது தெரிகிறதா, அடக்க முடிகிறதா, உட்காரும் இடத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா. ஹோதன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அப்பாவின் பக்கம் திரும்பி மூன்றே சொல்லில் எதையோ கேட்டாள். அவர், "அல்ஹம்துலில்லா," என்றார், எல்லாம் ஆண்டவன் புண்ணியம் என்கிற மாதிரி. அவள் டாக்டரிடம், "எல்லாம் சரியாக இருக்கிறதாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவ்வளவு நீளக் கேள்வி மூன்று சொல்லில் எப்படி அடங்கும்? அவள் கேட்டது, எப்படி இருக்கிறீர்கள் அப்பா என்பதாகத்தான் இருக்கும். தகப்பனிடம் மகள் கேட்கக்கூடிய கேள்வி அதுதான். பெண் டாக்டர் பரிசோதிக்க வந்தபோது வர்சமே மறுபடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை அது. அந்த வயதில் பலருக்கும் அப்படித்தான் இருக்குமாம். கத்தி வைப்பதா, மருந்து போதுமா என்பதை நோயாளி சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நோயாளி சொல்லிவிட்டாரே. மருந்து கொடுத்து அவரையும் சனிக்கிழமை அனுப்புவதாக முடிவானது.

வியாழக்கிழமை விடிகாலையில் பாத்ரூம் போனேன், கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வர்சமே ஸ்டூலில் உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கைலியைக் கசக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வாளியில் இன்னொன்று ஊறியது. தொழுகைக்குச் சுத்தம் செய்துகொள்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண்ணும் கண்ணும் சந்தித்தன. அவர் குனிந்துகொண்டார், நானும் குனிந்துகொண்டேன். திரும்பி வந்து எதையும் பார்க்காதவன் மாதிரி படுத்துக்கொண்டேன். அந்த வித்தையில் ரெண்டு பேருமே கெட்டிக்காரர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹோதன் சந்தோஷமாக வந்து, "செவ்வாய்க்கிழமை டிக்கெட் போட்டாச்சு அதேர்," என்றாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் இல்லை. அவள் மருந்துச் சீட்டோடு கீழே போனதும் திரையைக் கொஞ்சம் விலக்கினேன்.

"பாய், ஒண்ணு கேக்கட்டுமா? தண்ணி வர்றது உங்களுக்குத் தெரியலையா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "தெரியல," என்றார். "மூணு வாரமா. கைலி நனைஞ்ச பிறகுதான் தெரியுது."

"டாக்டர் அதைத்தானே கேட்டாரு."

"பொண்ணு நிக்குது."

"அதுக்கு?"

"உன் பொண்ணு நிக்கும்போது நீ சொல்லுவியா?"

நல்லவேளை, இந்த மனுஷனுக்கு என் கதை தெரியாது என்று நினைத்து, "எனக்கென்ன, பைல்ஸ்தான்," என்றேன்.

வர்சமே சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாத்ரூம்ல தண்ணி ஊத்தி விடுறே. ஒரு ஓரத்துல எப்பவும் விட்டுப்போகுது, ரத்தம். நான் போகும்போது கழுவி விடுறேன். சிஸ்டர் வந்து பாத்துடக் கூடாதுன்னு."

நாலு நாளாக. என் ரத்தத்தை, முதுகு வளைக்க முடியாத ஒரு மனிதர், எனக்கே தெரியாமல் கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக ஊரார் செய்த பிழையைக் கண்டுபிடித்தவன் நான், அந்த ஓரத்தைப் பார்க்கவில்லை. அழுதுவிட்டேன். அவர் அப்போதும் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அழுது முடிக்கட்டும் என்று.

"எத்தனை நாளா?" என்றார்.

"எட்டு மாசம். எங்க அண்ணன் இப்படித்தான் செத்தாரு." அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. ஆனால் சொன்ன பிறகு அந்த பயத்தை ரெண்டு பேர் பிடித்துக்கொண்ட மாதிரி கொஞ்சம் கனம் குறைந்தது.

ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சாயங்கால ரவுண்ட்ஸில் அவருக்காக நான் பேசவேண்டும். அதற்குப் பதிலாக மறுநாள் என் டாக்டரிடம் நான் உண்மையைச் சொல்லவேண்டும். தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வதுதான் கஷ்டம், இன்னொருவருக்காகச் சொல்வது முடியும் என்று ரெண்டு பேருக்கும் பட்டது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பெண்பிள்ளைகள் அறையில் இருக்கக் கூடாது.

ஐந்து மணிக்கு ஜெனி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் கேண்டீன்ல டீ குடிச்சிட்டு வாங்கம்மா."

"இப்பத்தானேப்பா வந்தேன்."

"எனக்கு ஜூஸ் வேணும். மாதுளம்பழம். உரிச்சு, பிழிஞ்சு, பொறுமையா வாங்கிட்டு வா."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஹோதனைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர்கள் வந்தார்கள். நான் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரத்தக் கம்பியோடு திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். டாக்டரம்மாவிடம், "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, ஆம்பளைங்க சமாச்சாரம்," என்றேன். அவர் புன்னகைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். பிறகு முதுகு டாக்டரிடம் கன்னடத்தில் சொன்னேன். மூன்று வாரமாக நீர் போவது இவருக்குத் தெரியவில்லை, கைலியைத் தானே துவைத்துக்கொண்டிருக்கிறார் என்று.

டாக்டரின் முகம் மாறியது. பேனாவை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "உட்கார்ற இடத்துல எப்படி இருக்குன்னு கேளுங்க. மரத்துப் போயிருக்கா? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

மரத்துப்போவதற்கு இந்தியில் என்ன? நட்டு, போல்ட்டு, டைட்டு, லூசு, இதைத் தாண்டி என் இந்தி போனதில்லை. என் தொடையைக் கிள்ளிக் காட்டி, வலிக்காத மாதிரி முகத்தை வைத்து நடித்தேன். வர்சமே புரிந்துகொண்டு சோமாலி மொழியில் ஏதோ சொன்னார். அது டாக்டருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

"மரத்துப் போயிருக்குன்னு சொல்றார் டாக்டர். உட்கார்ற இடம் முழுக்க. ரெண்டு பக்கமும்."

ஆங்கிலத்தில், திரைக்கு வெளியிலிருந்து வந்தது குரல். ஹோதன்.

திரையில் அவள் நிழல் தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். டாக்டர் வருகிற நேரத்தில் தன்னை வெளியே அனுப்பியது அதுதான் முதல் தடவை என்று பாதிப் படியில் உறைத்திருக்கிறது, திரும்பிவிட்டாள். வர்சமே கண்ணை இறுக மூடிக்கொண்டார். யாரும் திரையைத் தொடவில்லை. டாக்டர் நல்ல மனிதர், சட்டென்று பிடித்துக்கொண்டார். திரையைப் பார்த்தே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். திரை சோமாலி மொழியில் கேட்டது. அப்பா சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார். இந்தத் தடவை கேள்வியும் பதிலும் முழு நீளத்தில் இருந்தன. ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் அவள் குரல் உடைந்தது.

"எனக்கும் தெரியும் டாக்டர். போன வாரம் சிவாஜிநகர்ல நாலு கைலி வாங்கிட்டு வந்து அவர் தலையணைக்குக் கீழ வெச்சேன். எதுக்குன்னு அவர் கேக்கல. நான் எப்படிச் சொல்றது?"

நான் கட்டியிருந்த கைலியைக் குனிந்து பார்த்தேன். அந்த நாலில் ஒன்று.

முதுகுத் தண்டின் அடியில் நரம்புகள் குதிரைவால் மாதிரி பிரிந்து இறங்குகின்றன. பிதுங்கிய டிஸ்க் அந்த வாலை நசுக்கினால் முதலில் போவது இந்த உணர்ச்சிதான். இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆயுளுக்கும் டியூப்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆண் நர்ஸான பிரதர் ஒருவர் வந்து பரிசோதித்தார், மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அன்றைக்கே ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் போகும்போது வர்சமே என் கட்டில் அருகே நிறுத்தச் சொன்னார். ஒரு விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார். உன் முறை என்று அர்த்தம்.

மறுநாள் காலை வயிற்று டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்தார். ஜெனி தானாகவே எழுந்து, "நான் கீழ இருக்கேன்பா," என்று போனாள். எட்டு மாதத்தையும் அண்ணனையும் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு வாரம்னு எழுதியிருக்கேனே ராஜு."

"பொண்ணு நின்னுச்சு சார்."

சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கொலனாஸ்கோபியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: குழாய் ஒன்றுமே இல்லை, மயக்கத்தில் போய்விடும். அதற்கு முந்தின நாள் குடிக்கச் சொல்லும் மருந்துத் தண்ணீர்தான் கொடுமை. உப்பும் எலுமிச்சையும் கலந்த சமுத்திரம். குடலில் ஒரு கட்டி இருந்தது. துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் ஜெனி லேப்டாப்பை என் கால்மாட்டில் வைத்தே வேலை பார்த்தாள். இன்ஷூரன்ஸ்காரர்களோடு ஆங்கிலத்தில் சண்டை, என்னிடம் தமிழில், "சும்மா படுங்கப்பா." ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த வர்சமே, மல்லாந்து படுத்தபடியே எனக்காக அல்லாவிடம் துஆ கேட்டார். எங்கள் சர்ச் ஃபாதர் வந்தபோது என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

முடிவு வந்தது. கேன்சர்தான். ஆனால் குடல் சுவரைத் தாண்டவில்லை. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துவிட்டு ரெண்டு முனையையும் தைத்துவிட்டார்கள். கீமோ வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். இன்னும் ஆறு மாதம் கூச்சப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

வர்சமே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த அன்று, வராந்தாவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்து, என் காதருகில் குனிந்து, "தெரிஞ்சுது," என்றார். நீர் வருவது தெரிந்ததாம். ஒரு மனிதன் அதற்காக அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. ஹோதன் கொஞ்சம் தள்ளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கைலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று நெஞ்சில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்த அன்று என் கட்டிலில் கறை தெரியாத கரும்பழுப்பு நிறப் படுக்கைவிரிப்பு போட்டிருந்தது. பல மாதமாக அதுவோ அதைப் போல இன்னொன்றோதான் இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் மேரி காலத்திலிருந்து வெள்ளை விரிப்புத்தான் வழக்கம். ஜெனியைப் பார்த்தேன். அவள் தலையணை உறையை மாட்டுவதிலேயே மும்முரமாக இருந்தாள். எப்போது மாற்றினாள் என்று கேட்கவில்லை. ஹோதனின் நாலு கைலிதான் மனதில் ஓடியது.

போன மாதம் செக்கப். வர்சமே கொடுத்த கைலியைத்தான் கட்டிக்கொண்டு போனேன், பரிசோதனைக்கு அதுதான் சௌகரியம். டாக்டர் என் ஃபைலைப் பிரித்தார். "இப்ப எப்படி ராஜு? மோஷன் எல்லாம் எப்படிப் போகுது?"

ஜெனி எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இரும்மா. உக்காரு."

"வேணாம்பா," என்றாள். முகம் சிவந்திருந்தது. "நீங்க சொல்லுங்க. நான் வெளிய இருக்கேன்."

என் மகள்தானே. கையை விட்டேன். அவள் வெளியே போய்க் கதவைச் சாத்த வந்தவள், முழுக்கச் சாத்தாமல் ஒரு கை அகலம் விட்டு நிறுத்தினாள். அந்த இடைவெளியில் அவள் துப்பட்டாவின் ஓரம் மட்டும் தெரிந்தது, முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

நான் நாற்காலியைக் கொஞ்சம் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

"இப்ப நல்லா இருக்கு சார்," என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "ஆனா முதல்ல இருந்து சொல்லிடுறேன். ரெண்டு வாரம் இல்ல. எட்டு மாசம்."